வண்டி நிற்கிற வாசல்

வனஜாவுக்கு மூன்று நாளாகக் கணவரோடு பேச்சுவார்த்தை இல்லை. காபி மட்டும் வேளை தவறாமல் வந்தது. டம்ளரை வைக்கிற சத்தம்தான் கொஞ்சம் கூடுதல்.

ரமணன் செய்த குற்றம் இதுதான். கொல்கத்தா காளிகாட்டில் அவர்கள் குடியிருக்கும் சந்தில் ஒரு பிசியோதெரபி கிளினிக் வந்ததிலிருந்து கார்கள் தெருவை அடைத்து நின்றன. ஆட்டோ நுழையாது, பள்ளிக்கூட வேன் திரும்பாது. தெருவின் நல்லது கெட்டதைப் பார்த்துக்கொள்ளும் கிளப்காரர்கள் வீடு வீடாக ஏறி, பகலில் காலியாக இருக்கும் பார்க்கிங் இடத்தை நோயாளிகளுக்கு விட்டுத்தரச் சொல்லிக் கேட்டார்கள். பாங்கில் முப்பத்தைந்து வருஷம் எதற்கெடுத்தாலும் மேலதிகாரியைக் கேட்ட மனுஷர், வீட்டில் யாரையும் கேட்காமல் தலையாட்டிவிட்டார். காரை விற்று நாலு வருஷமாச்சே, இடம் சும்மாதானே கிடக்கிறது!

சும்மாவா கிடந்தது? மூன்றாவது மாடியில் அவர்கள் கதவுக்கு வெளியே நாலு ஜோடி செருப்பு வைத்தால் நடக்க வழியில்லை. அதனால் கீழே அந்தக் காலி இடத்தில்தான் வனஜா தினமும் விடியலில் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டுவந்தாள். இந்த ஊரில் அவளுக்கென்று இருந்த வாசல் அது ஒன்றுதான். அதைத் தூக்கிக் கொடுத்துவிட்டாரே என்றுதான் மனசு ஆறவில்லை.

முதல் வண்டி வரவேண்டிய நாளன்று, வீம்புக்கென்றே இடத்தை அடைத்துப் பெரிய சிக்குக் கோலம் போட்டாள்.

"இது மேல எவன் ஏத்தறான்னு பாக்கறேன்."

யாரும் ஏற்றவில்லை. பத்து மணிக்குத் தெருவில் ஒரே ஹாரன். பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தாள். நடுத்தெருவில் ஒரு சிவப்புக் கார். ஓட்டிவந்த பெண் இறங்கி, கோலத்தைப் பார்த்துக் கையைப் பிசைந்துகொண்டிருந்தாள். காருக்குள் வயதான அம்மா, பக்கத்தில் மடக்கிய வாக்கர். வனஜா மடமடவென்று இறங்கி ஓடினாள்.

"உங்க வீட்ல பூஜையா, மாஷிமா?" ஷபானா என்ற அந்தப் பெண் வங்க மொழியில் கேட்டாள். "ஆல்போனா போட்டிருக்கீங்க. அது மேல எப்படி வண்டிய ஏத்தறது? நான் வேற இடம் பாத்துக்கறேன்."

பூஜைக்குப் போட்ட ஆல்போனாக் கோலத்தை வங்காளிகள் மிதிக்க மாட்டார்கள். அடுத்த வீட்டுச் சாமிக்கு அவள் காட்டிய மரியாதையில் வனஜாவின் வீம்பு இருந்த இடம் தெரியாமல் போயிற்று.

"பூஜையும் இல்ல, ஒண்ணும் இல்ல. இது எங்க கோலம். தினம் போடறது, தினம் மிதிபடறது. நீ ஏத்தும்மா!" என்று வங்க மொழியிலேயே சொல்லிவிட்டு, "வா, வா, இன்னும் பின்னால" என்று அவளே கைகாட்டினாள். சக்கரம் கோலத்தின் மேல் ஏறியபோது கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது.

மாடிக்கு வந்ததும் ரமணன் எழுந்து நின்றார். "உன்னைக் கேக்காம சொன்னது தப்புதான்."

"தப்புதான். அந்த அம்மாவுக்கு வாரத்துல எத்தனை நாள் சிகிச்சைன்னாவது கேட்டேளா?"

"மூணு நாள்" என்றார், பேச்சு வந்த சந்தோஷத்தில்.

அடுத்த தடவை அவர்கள் வந்தபோது இடம் பளிச்சென்று பெருக்கியிருந்தது. ஓரத்தில் மட்டும், அம்மா இறங்கும் கதவுக்கு நேராக, இரண்டடி அகலத்தில் ஒரு சின்னக் கோலம். கதவைத் திறந்த அம்மா காலைத் தூக்கியபடியே தயங்கினாள்.

வனஜா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "தைரியமா வைங்க தீதி. நீங்க இறங்கற இடம்தான் எனக்கு வாசல்."