கதிரேசனின் காளான் வைத்தியம்

கருமத்தம்பட்டியில் பதினாறு தறி ஓட்டும் கதிரேசனுக்குத் தினமும் ஒரு குவார்ட்டர் பிராந்தி, ஒரு பாக்கெட் சிகரெட். "நானொண்ணும் குடிகாரன் இல்லீங்க. தறிச் சத்தம் காதுலயே நிக்குதுங்க, அதுக்கு மருந்துங்க" என்பான். தறி ஓடாத ஞாயிற்றுக்கிழமையில்தான் அதிகம் குடித்தான் என்பது மட்டும் அவன் கணக்கில் வரவில்லை.

மகள் பிரீத்திகாவின் பள்ளி ஆண்டு விழாவில் போதையில் வேறொரு பிள்ளையைத் தன் மகளென்று நினைத்து, அதன் நடனத்துக்கு எழுந்து நின்று கைதட்டிவிட்டு வந்த அன்று, அவனுக்கே வெட்கமாகிவிட்டது. குடியை விடுவதென்று முடிவு செய்தான்.

"போதைக் காளான் தின்னா குடி தானா உட்டுப்போகுமாமாடா, வெளிநாட்டுல ஆராய்ச்சியே பண்றாங்களாமா" என்றான் நண்பன் மதன்குமார். போதையை விடுவதற்கு இன்னொரு போதை! இதைவிடச் சௌகரியமான வைத்தியம் கதிரேசனுக்கு வேறெங்கே கிடைக்கும்? மறுவாரமே இருவரும் காளான் தேடி மலையேறினார்கள்.

அங்கே காளானைத் தின்ற கதிரேசன் ஓர் எருமையின் முன் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கல்யாணமான நாள் முதல் செய்த தப்பையெல்லாம் சொல்லி மன்னிப்புக் கேட்டான். எருமை பாதியிலேயே எழுந்து போய்விட்டது. பிறகு தன் வலது கையைக் காணோம் என்று ஒரு மணி நேரம் அழுதான். அந்தக் கையை மதன்குமார்தான் பிடித்துக்கொண்டிருந்தான்.

ஊர் திரும்பியதும் பிராந்தி வாடையே குமட்டியது. ஒரு மாதம் தொடவில்லை. பேக்கரி வாசலில் நின்று வருவோர் போவோருக்கெல்லாம் உபதேசம் செய்தான். சிகரெட் மட்டும் இரண்டு பாக்கெட் ஆகியிருந்தது.

"ஏனுங்க, எருமைகிட்டச் சொன்னத எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதுங்களா?" என்றாள், மதன்குமாரிடம் மலைக் கதையைக் கேட்டிருந்த மனைவி பொற்கொடி. கதிரேசன் இன்னொரு சிகரெட்டைப் பற்ற வைத்தான்.

ஐந்தாவது வாரம், மச்சான் வீட்டுப் புதுமனை புகுவிழா விருந்தில் ஒரு பீரில் தொடங்கி மொட்டைமாடியில் விழுந்து கிடந்தான். இரண்டு நாள் கழித்து மதன்குமாரிடம், "மறுக்கா மலைக்குப் போலாமாடா?" என்றான்.

"குடிய உடக் காளான். காளான உட என்னத்தடா திங்கறது?" என்றான் மதன்குமார்.

அந்தக் கேள்வியோடு கதிரேசன் மனநல மருத்துவர் தாஜுன்னிசாவிடம் போனான். அவர் கதை முழுவதையும் சிரிக்காமல் கேட்டுவிட்டுச் சொன்னார்: "காளானுக்கப்புறம் குடி கொறைஞ்சதுன்னு சில பேர் சொல்றாங்க. சில பேருக்குப் பயம் தங்கிருது. ஆராய்ச்சியில டாக்டர் பக்கத்துல இருந்து, முன்னாலயும் பின்னாலயும் வாரக்கணக்கா பேசறாங்க. நீங்க எருமைகிட்டப் பேசிட்டு வந்துட்டீங்க. விடணும்னு முன்னாடியே நெனச்சீங்கல்ல? அதுல காளானோட பங்கு எவ்வளவு, உங்க பங்கு எவ்வளவுன்னு யாருக்குத் தெரியும்?"

மாத்திரையும் வாரம் ஒருநாள் பேச்சுமாக எட்டு மாதம் ஓடிவிட்டது. நடுவில் ஒருமுறை குடித்தான். அன்று மாலையே பொற்கொடியிடம் அவனாகச் சொன்னான். அவள் திட்டித் தீர்த்துவிட்டு, அடுத்த வாரம் டாக்டரைப் பார்க்கத் தானும் வருவதாகச் சொன்னாள்.