முதல் கேள்விக்கே இறங்கிய இங்கிலாந்து

1

இந்தக் கதை எனக்குக் கொசுறாகக் கிடைத்தது. கங்காரு நாட்டு டண்டினொங்கில் பழைய சாமான் கடையொன்றில் மேசை வாங்கப் போனேன். இருபது டாலர் என்றார் கடைக்காரர். பன்னிரண்டு என்றேன். சரி என்றுவிட்டார். வியாபாரிகள் மத்தியில் வளர்ந்தவன் அப்போதே மேசையைக் கவிழ்த்துப் பார்த்திருக்க வேண்டும். வீட்டில் வைத்துப் பார்த்தால் ஒரு கால் குட்டை. இழுப்பறைக்குள் இங்கிலாந்திலிருந்து தந்திபோல் தட்டச்சில் வந்த டெலக்ஸ் தாள், 1974 சனவரி. இயந்திரம் வேண்டுமா, வேண்டாமா என்று கேட்டிருந்தது. மற்றதெல்லாம் நான் சேர்த்த கலப்படம்.

2

முதல் தொடக்கம்: ‘நிலக்கரிச் சுரங்கங்களை மூடி எண்ணெய்க்கு மாறிய ஓர் ஐரோப்பிய வல்லரசு, எண்ணெய் விலை எகிறியதும், மிச்சமிருந்த சுரங்கத் தொழிலாளர்களும் முறுக்கிக்கொண்டதும்…’ [முடிக்கவில்லை. எனக்கே கொட்டாவி வந்தது.]

இரண்டாவது: ‘மகேந்திரராஜாவுக்கு வேலை போகப் போகிறது.’

இது தேவலை. மகேந்திரராஜா யாழ்ப்பாணத்துக்காரர், டண்டினொங் தொழிற்சாலையொன்றுக்குச் சாமான் வாங்கிக் கொடுப்பவர். பற்சக்கரம் வெட்டும் இயந்திரத்தை ஜப்பானில் வாங்கலாம் என்றார் மேலாளர். இங்கிலாந்துச் சரக்குக்கு நான் பொறுப்பு என்று நெஞ்சைத் தொட்டவர் இவர். இப்போது அங்கே மின்சாரத்துக்குப் பஞ்சம். ஆலைகள் வாரத்தில் மூன்று நாள்தான் ஓடுகின்றன. இவர் வாங்கும் ஆலைக்குத் திங்கள் முதல் புதன் வரை. இயந்திரம் இந்த மாதம் கப்பலேறாவிட்டால் வேறு வேலை பாரும் என்று மேலாளர் சொல்லிவிட்டார்.

3

தாமதத்துக்கு நூற்றுக்குப் பத்து வீதம் தள்ளுபடி கேட்டிருந்தார், சும்மா பேச்சைத் தொடக்கிவைக்க. புதன் காலை பதில் வந்தது. டெலக்ஸ் அடிக்கும் சிவனேஸ்வரி அதை வாசித்துக் காட்டினாள்.

“அண்ணை, பத்து வீதமும் குறைச்சுப் போட்டாங்கள். கடற்படைக் கப்பல் தளத்துக்கெண்டு செய்த இயந்திரம் ஒண்டு நிக்குதாம். அங்கையும் வேலை படுத்திட்டுதாம். அதை உடனே அனுப்புறமாம், வேணுமோ வேண்டாமோ எண்டு கேட்டுக் கிடக்கு.”

மகேந்திரராஜா கதிரையில் மெல்ல உட்கார்ந்தார்.

“அதுதான் பிள்ளை பயமாக் கிடக்கு. ஒருக்காக்கூட மாட்டன் எண்டு சொல்லேல்லையே. தன்ர கப்பலுக்கு வச்சிருந்ததைத் தூக்கித் தாறவன், நாளைக்கு உதிரிப்பாகம் கேட்டால் எதைத் தருவான்?”

“அப்ப வேண்டாமெண்டு அடிக்கவோ?”

“இதை வேண்டாமெண்டால், என்னையும் வேண்டாமெண்டிடுவாங்கள்.”

(யாழ்ப்பாணத்து உத்தியோகத்தர் இப்படிக் கணக்குப் போடுவாரா? சந்தேகம்தான். இந்தப் புத்தி என் மேசைக் காலிலிருந்து அவருக்குப் போனது.)

4

ஐந்து மணிக்குள் பதில் போக வேண்டும். இங்கே மாலையென்றால் அங்கே புதன் விடியற்காலை; கதவு திறக்கும்போது அது கிடக்க வேண்டும். தவறினால் திங்கள் வரை ஆலை இருட்டு. மேலாளர் ஜப்பான் விலைப்பட்டியலை இவர் மேசையிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தார்.

முடிவு அ: வாங்கினார், இரண்டு வருடத்தில் இயந்திரத்தில் ஒரு பல் உடைந்து… [வேண்டாம்.]

முடிவு ஆ: மறுத்துவிட்டு, சாப்பாட்டுப் பெட்டியோடு ரயிலுக்கு… [அழுகை வருகிறது.]

ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கையில் மகேந்திரராஜா எழுந்தார். “இன்னும் இருபது வீதம் குறைக்கச் சொல்லி அடியும் பிள்ளை.”

“அண்ணை, அவங்கள் மாட்டமெண்டால்?”

“மாட்டமெண்டால் வாங்குவன். ஓமெண்டால்தான் துலைஞ்சன், அவங்களை நம்பி வாங்கேலாது.”

5

அதற்கு வந்த பதில் இழுப்பறையில் இல்லை. இருந்த தாளை மடித்து மேசைக் காலுக்கு முட்டுக்கொடுத்துத்தான் இதை எழுதுகிறேன், ஆடவில்லை.

ஆகவே வாசகரே, இங்கிலாந்துக்காரரின் நாற்காலியில் நீங்கள் உட்காருங்கள். குளிர்கிறதா, மேலங்கியைப் போட்டுக்கொள்ளுங்கள். விளக்கு மாலை வரைதான் எரியும். இருபது வீதம் கேட்கிறார் டண்டினொங்கிலிருந்து ஒருவர். ‘மாட்டோம்’ என்று ஒரு சொல் போதும். அவர் வேலை தப்பும்.

சொல்வீர்கள்தானே?