எட்டாவது தட்டு

இந்நேரம் எவெர்ட்டின் நெஞ்சைத் திறந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டே டாக்னி வெண்ணெயில் கை வைத்தாள். வெண்ணெய் கல்லாக இருந்தது. அடுப்பின் ஓரத்தில் கிண்ணத்தை நகர்த்தி வைத்துவிட்டு, புத்தகத்தைத் திறந்தாள்.

கல்யாணத்துக்கு முன்னால் வாங்கிய சமையல் புத்தகம். முதுகு கிழிந்து, பசை போட்டு ஒட்டி, மறுபடி கிழிந்தது. அதில் உள்ள எந்தப் பலகாரத்தையும் பார்த்துச் செய்யவேண்டிய நிலையில் டாக்னி இல்லை. கண்ணைக் கட்டிவிட்டாலும் செய்வாள். ஆனாலும் திறந்துவைத்தாள். வெண்ணெயையும் சர்க்கரையையும் வெளுக்கும்வரை குழைக்கவும் என்று போட்டிருந்தது. குழைத்தாள். மாவைச் சலித்துச் சேர்க்கவும் என்று போட்டிருந்தது. சேர்த்தாள். அடுத்தது என்ன என்று இந்த உலகத்தில் யாராவது சொன்னால் போதும் என்றிருந்தது அவளுக்கு. டாக்டர் சொல்லவில்லை. "முடிஞ்சதும் நாங்களே போன் பண்றோம்" என்றுதான் சொல்லியிருந்தார். எப்படி முடிந்ததும் என்று அவரும் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை.

அவள் புருஷன் எவெர்ட் காட்டில் மரம் வெட்டுகிறவன். மாசியில் ஒருநாள் பனிக்குள் ரம்பத்தைப் போட்டுவிட்டு ஒரு கட்டையின் மேல் உட்கார்ந்தவன், நிமிஷக்கணக்கில் எழுந்திருக்கவில்லை. கூட வேலை செய்தவர்களிடம் முதுகுப் பிடிப்பு என்று சொல்லிவிட்டான். உமேயோ நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, ரத்தக்குழாய் அடைத்திருக்கிறது, அறுக்கத்தான் வேண்டும் என்றார்கள்.

"ஊருக்குத் தெரியக்கூடாது" என்றான் எவெர்ட், பஸ்ஸுக்குக் கிளம்பும்போது.

"ஏன், நீ என்ன திருடிட்டா போற?"

"நெஞ்சு சரியில்லைன்னு தெரிஞ்சா என் கையில ரம்பத்தைக் குடுப்பானுங்களா? காபி போடு, குச்சி பொறுக்குன்னு ஓரமா உட்கார வச்சிருவானுங்க. அண்ணன் வீட்டுல சமையலறையை மாத்துறாங்க, ஒத்தாசைக்குப் போயிருக்கேன்னு சொல்லு."

"நானும் வர்றேன்."

"நீயும் வந்தா புகைக்கூண்டுல புகை வராது. புகை வரலைன்னா அந்த ஸ்வேயா வந்து கதவைத் தட்டுவா. அவளுக்குத் தெரிஞ்சா தேவாலய மணி அடிச்ச மாதிரி."

அதனால் டாக்னி தங்கிவிட்டாள். ஆலையில் பலகை அடுக்கும் வேலைக்குத் தலைவலி என்று லீவு சொன்னாள். புகை வரவேண்டுமே என்று அடுப்பை எரியவிட்டாள். அடுப்பு எரிகிறபோது சும்மா இருப்பானேன் என்று மாவை எடுத்தாள். எடுத்தவளால் நிறுத்த முடியவில்லை. முதலில் ஏலக்காய் போட்ட ரொட்டிச்சுருள்; அதை யாரும் வகைக் கணக்கில் சேர்ப்பதில்லை. பிறகு நடுவில் குழித்து ராஸ்ப்பெர்ரி ஜாம் வைத்தது. பாதாம் மாவைச் சின்னத் தகர அச்சுகளில் அழுத்திச் சுட்டது. ஓட்ஸ் முறுகல், இஞ்சி பிஸ்கட், கறுப்பும் வெள்ளையுமாகச் சதுரங்கக் கட்டம், பாகு ஊற்றிய துண்டு, கற்கண்டு தூவிய குச்சி. ஏழு வகையும் ஏழு தட்டில் மேஜைமேல் வந்துவிட்டன. டெலிபோன் மட்டும் வாயைத் திறக்கவில்லை.

ஒரு துணுக்கைக்கூட அவளால் விழுங்க முடியவில்லை. போட்டால் மரத்தூளைத் தின்கிற மாதிரி இருந்தது. காலையில் ஒரு சுருளைக் கடித்துப் பார்த்து, பறவைகளுக்குப் போட்டுவிட்டாள்.

இப்போது கையில் இருந்தது எட்டாவதற்கான மாவு. கனவு என்று பெயர் அந்தப் பிஸ்கட்டுக்கு. நாக்கில் வைத்தால் கரைந்துபோகும். அதில் மாவைப் பொங்கவைக்கும் மான்கொம்பு உப்பு போடவேண்டும். சுடும்போது அடுப்புக் கதவைத் திறந்தால் அதன் காரம் மூக்கிலும் கண்ணிலும் ஏறி அடிக்கும். அவள் அதைத் தேர்ந்தெடுத்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். அடுப்பைத் திறந்தாள், தாரைதாரையாக அழுதாள், தட்டை வெளியே எடுத்தாள், முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

நடையில் பூட்ஸ் தட்டும் சத்தம் கேட்டது.

"உள்ள இருக்கியாடி? நேத்துல இருந்து உன் புகைக்கூண்டு ஓயாம புகையுதே, வீட்டைக் கொளுத்துறியோன்னு பார்க்க வந்தேன்!"

ஸ்வேயா. அடுத்த வீட்டுக்காரி. காலால் உந்தி ஓட்டும் சறுக்குவண்டியில் வந்திருந்தாள்; குளிரில் மூக்கு சிவந்திருந்தது. அனுமதி கேட்காமல் சமையலறைக்குள் வந்தவள், கையுறையைக் கழற்றிக்கொண்டே மேஜையைப் பார்த்தாள். அவள் உதடு அசைந்தது. எண்ணுகிறாள்.

அந்த ஊரில் விருந்தாளிக்குக் காபியோடு ஏழு வகை வைக்கவேண்டும். ஆறு வைத்தால் கஞ்சத்தனம். எட்டு வைத்தால் திமிர். ஒருதடவை ஆலை மேலாளரின் மனைவி ஒன்பது வைத்தாள். அன்று முதல் அவள் ஊரைவிட்டுப் போகும்வரை அவளுக்கு ஒன்பதுக்காரி என்றுதான் பெயர். பெயர் வைத்தவள் ஸ்வேயா.

"எட்டு" என்றாள் ஸ்வேயா. "என்னடி இது? யாரு வர்றா, ராஜாவா?"

"யாரும் வரல."

"பாதிரியார்?"

"யாரும் வரலைன்னு சொல்றேன்ல."

ஸ்வேயா இன்னொரு கிண்டலுக்கு வாயைத் திறந்தாள். திறந்த வாயை அப்படியே மூடிக்கொண்டாள். நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். "யாரும் வராத வீட்டுல எட்டு வகை" என்றாள் மெதுவாக. "எவெர்ட் எங்க?"

"அவரு அண்ணன் வீட்டுக்கு. சமையலறையை மாத்துறாங்க."

"போன வருஷம்தானே மாத்தினாங்க? நான் போய் அந்தப் புது மேஜையில காபி குடிச்சுட்டு வந்தேனே."

டாக்னி அடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டாள். "உப்புக் காரம்" என்றாள், கண்ணைத் துடைத்தபடி.

"அடுப்புக் கதவு மூடியிருக்கு டாக்னி."

அதற்குப் பிறகு மறைக்க ஒன்றுமில்லை. டாக்னி நின்றபடியே, முதுகைக் காட்டியபடியே எல்லாவற்றையும் சொன்னாள். காடு, கட்டை, படம், பஸ். "காலையில இருந்து திறந்து வச்சிருக்காங்க ஸ்வேயா. ஒரு மெஷின்தான் அவருக்காக மூச்சு விடுதாம். இந்த வீட்டுல உட்கார்ந்து நான் பிஸ்கட் சுடுறேன்."

"வேற என்ன செய்வ? கத்தியை நீயா பிடிக்க முடியும்?" ஸ்வேயா எழுந்து காபிக் கெட்டிலை அடுப்பில் வைத்தாள். அடுத்தவள் வீட்டு அடுப்பு என்கிற யோசனையே இல்லை. "எங்க அண்ணன் சுரங்கத்துல மாட்டிக்கிட்டப்போ நான் வீட்டுத் தரை பூராவும் சோப்புப் போட்டுத் தேய்ச்சேன். பலகையில சாயமே போயிருச்சு. உன்னுதையாவது திங்கலாம்."

"அவருக்கு ஏதாவது ஆச்சுன்னா..."

"ஆகட்டும், அப்புறம் பேசலாம். இப்ப உட்காரு."

டாக்னி உட்கார்ந்தாள். அப்போது வெளியே டிராக்டர் சத்தம் வந்து நின்றது. எழுந்து ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். சிக்ஸ்டன். எவெர்ட்டோடு ஒரே குழுவில் மரம் வெட்டுகிறவன். யாருக்குத் தெரியக்கூடாதோ அவனேதான். மேஜைமேல் கனவுத் தட்டில் ஆவி பறந்துகொண்டிருந்தது.

"எட்டு இருக்கு" என்றாள் டாக்னி. "அவன் பார்த்தா..."

ஸ்வேயா யோசிக்கவில்லை. சூடான தட்டைத் தூக்கித் தன் நாற்காலியில் வைத்து, கம்பளிப் பாவாடையை விரித்து, கோழி முட்டைமேல் உட்காருவதுபோல் அதன்மேல் பட்டும் படாமலும் உட்கார்ந்துவிட்டாள்.

"டாக்னி அக்கா, எவெர்ட் எப்ப வர்றாரு? சனிக்கிழமை மரம் இழுக்கணும்" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்த சிக்ஸ்டன், மேஜையைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினான். "அடேங்கப்பா! ஏழு! என்ன விசேஷம்?"

"எனக்குப் பிறந்தநாள்" என்றாள் ஸ்வேயா.

"உங்களுக்கு அறுவடை சமயத்துல இல்ல வரும்?"

"அது போன வருஷம். உட்காருடா, திங்கிறவனுக்குக் கணக்கு எதுக்கு?"

அவன் உட்கார்ந்தான். முறைப்படி ஒவ்வொரு வகையிலும் ஒன்று எடுத்தான். ஏழையும் தட்டில் அடுக்கிக்கொண்டு நிதானமாகத் தின்ன ஆரம்பித்தான். பாதாம் பிஸ்கட்டைப் பாராட்டினான். பனியைப் பற்றிப் பேசினான். இஞ்சி பிஸ்கட்டைக் காபியில் நனைத்தபோது டெலிபோன் அடித்தது.

டாக்னி எழுந்திருக்கவில்லை. மறுபடி அடித்தது.

"போன்" என்றான் சிக்ஸ்டன், வாய் நிறைய.

"அவளுக்குக் காது கேட்கும்" என்ற ஸ்வேயா டாக்னியின் கண்ணைப் பார்த்தாள். "போடி. போய் எடு."

போன் நடையில் இருந்தது. கதவை மூடினால் சந்தேகம் வரும். மூடாமலே எடுத்தாள். சமையலறையில் ஸ்வேயா திடீரென்று உரத்த குரலில் தன் மருமகனைத் திட்டத் தொடங்கியது கேட்டது. கார் வாங்கத் தெரியாதவன், விற்கவும் தெரியாதவன். சிக்ஸ்டன் சிரிக்கிற சத்தம். அந்தச் சத்தத்துக்கு அடியில், காதோடு ஒட்டிய குழாயில், களைத்துப்போன ஒரு ஆண்குரல்.

"எவெர்ட்டோட மனைவியா? முடிஞ்சிருச்சும்மா. நல்லபடியா முடிஞ்சிருச்சு. இதயம் தானா ஓடுது, மெஷினை எடுத்தாச்சு. நாளைக்கு முழிப்பாரு."

"சரி" என்றாள் டாக்னி. "சரிங்க. சரி."

திரும்பி வந்தாள். ஸ்வேயா மருமகனைப் பாதியில் விட்டுவிட்டு அவளைப் பார்த்தாள். சிக்ஸ்டனும் பார்த்தான். எதையும் சொல்ல முடியாது. டாக்னி நாற்காலியில் உட்கார்ந்து, ஜாம் வைத்ததில் ஒன்றை எடுத்துக் கடித்தாள். மென்றாள். வெண்ணெய் தெரிந்தது. ஜாமின் புளிப்புத் தெரிந்தது. இன்னொன்றை எடுத்தாள். பிறகு பாதாம். பிறகு ஓட்ஸ், இரண்டு சேர்ந்தாற்போல. வீட்டுக்காரி விருந்தாளிக்கு முன்னால் இப்படி அள்ளித் தின்பதை அந்த ஊரில் யாரும் பார்த்ததில்லை.

ஸ்வேயாவின் தோள் இறங்கியது. கோப்பையைக் கீழே வைத்தாள்.

"பசியா அக்கா?" என்றான் சிக்ஸ்டன்.

"ஆமாடா" என்றாள் டாக்னி. "சரியான பசி."

சனிக்கிழமை எவெர்ட் வரமாட்டான், அண்ணன் வீட்டில் வேலை இழுக்கிறது என்று சொல்லி சிக்ஸ்டனை அனுப்பிவைத்தார்கள். டிராக்டர் பாதையில் திரும்பி மறையும்வரை இருவரும் அசையவில்லை.

"இதயம் தானா ஓடுதாம்" என்றாள் டாக்னி. சொல்லிவிட்டு, அடுப்புக் கதவைத் திறக்காமலே அழுதாள்.

ஸ்வேயா அவள் முதுகை இரண்டு தட்டுத் தட்டினாள், மாவு தட்டுகிற மாதிரி. பிறகு முனகிக்கொண்டே எழுந்தாள். போன் அடித்ததும் தன்னை மறந்து முழுப் பாரத்தோடும் உட்கார்ந்துவிட்டாள் போலிருக்கிறது. தட்டில் ஒரு பிஸ்கட்டும் முழுதாக இல்லை. பாவாடை பூராவும் வெள்ளைத் தூள்.

"உன் கனவையெல்லாம் நொறுக்கிட்டேன்டி. பின்பக்கமும் வெந்துபோச்சு."

டாக்னி அழுதபடியே சிரித்தாள். இரண்டு கரண்டி எடுத்துவந்தாள். நொறுங்கியதைத் தட்டோடு நடுவில் வைத்துக்கொண்டு இருவரும் கரண்டியால் அள்ளித் தின்றார்கள். காபி ஆறிப்போயிருந்தது, அதையும் குடித்தார்கள். புத்தகம் கனவுப் பக்கத்தில் திறந்தே கிடந்தது. ஒரு வெண்ணெய்க் கறை புதிதாக ஏறியிருந்தது.

கிளம்பும்போது ஸ்வேயா வாசலில் நின்று சால்வையை இறுக்கிக் கட்டினாள்.

"கவலைப்படாதே. செத்தாலும் நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

"தெரியும். உன்கிட்ட சொன்னது அந்த மனுஷனுக்குத் தெரிஞ்சா..."

"எவெர்ட்டைப் பத்தி இல்லடி. அவரு எப்படியும் நெஞ்சுல தையலோட வந்து நிப்பாரு, ஊரே பார்க்கும்." ஸ்வேயா சறுக்குவண்டியில் ஒரு காலை வைத்தாள். "எட்டு வகையைப் பத்திச் சொன்னேன்."

உந்திக்கொண்டு பனியில் போய்விட்டாள். டாக்னி கதவைச் சாத்திவிட்டு உள்ளே வந்து, அடுப்பில் இன்னொரு விறகை வைத்தாள்.