மருதாணிப் பூத் தலையணை

தூக்கம் வராதவளுக்கு ஊரே வைத்தியர். கசகசாவை அரைத்துப் பாலில் குடி என்றார்கள், உச்சியில் விளக்கெண்ணெய் வை என்றார்கள். சூர்யகலா எல்லாவற்றையும் செய்து பார்த்தாள். கடலுக்குப் போன புருஷன் தேவநாதன் திரும்பவுமில்லை, உடம்பு கரை ஒதுங்கவுமில்லை. அதற்குக் கசகசா என்ன செய்யும், பாவம்!

மரக்காணத்துப் பக்கத்துக் குப்பத்திலிருந்து அண்ணன் நடராசன் அவளைத் திண்டிவனத்தில் தன் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டான். கருமாதியை முடித்துவிடலாம் என்பது அவன் கட்சி. கழுத்தில் தாலி இருக்கிறவரை அவரும் இருக்கிறார் என்பது இவள் கட்சி. இவள் பக்கம் நின்ற ஒரே ஆள் மாமியார் கெங்கம்மாள். குப்பத்தில் அந்த அம்மாள் இன்னமும் உலையில் மகனுக்கும் சேர்த்துத்தான் அரிசி போட்டுக்கொண்டிருந்தாள்.

மருதாணிப் பூ கொண்டுவந்தது அண்ணி புனிதா. மயிலத்தில் அவள் அம்மா வீட்டு வேலி முழுக்க மருதாணி. கொத்துக் கொத்தாகப் பறித்து, நிழலில் உலர்த்தி, பஞ்சை எடுத்துவிட்டுத் தலையணையில் அடைத்துத் தைத்தாள்.

"தலைக்கு வச்சிக்கினு படு கலா. அடிச்சிப் போட்டாப்ல தூக்கம் வரும்."

வந்தது. வெயில் ஏறும்வரை தூங்கினாள். முகம் கழுவப் போனவள் தன் கையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். இடது சுண்டுவிரல் நுனி சிவந்திருந்தது.

"பூ எங்கனா செவக்குமா? எலதான செவக்கும்," என்று புனிதா தேய்த்துப் பார்த்தாள். போகவில்லை.

மறுநாள் பக்கத்து விரல். அதற்கும் மறுநாள் அடுத்தது. யாரோ பொறுமையாக உட்கார்ந்து இலையை மைய அரைத்து, விரலுக்கு விரல் தொப்பி வைத்துவிட்டதுபோல இருந்தது. அம்மியிலோ பச்சை வாசம்கூட இல்லை. புனிதா தன் பிள்ளைகளை அந்த அறைப் பக்கம் விடவில்லை. சூர்யகலாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. இவள் கை சிவந்தால் தேவநாதனுக்கு அத்தனை பிடிக்கும். அவர் எங்கோ உயிரோடு இருக்கிறார், இல்லாவிட்டால் இது யார் வேலை?

பட்டப்பகலிலும் தலையணையைத் தேடிப் போனாள். பத்து விரலும் சிவந்து முடிந்தபின் ஒரு நாள் எழுந்தபோது தலை நிறைய மல்லிகை. வாங்கிவந்தவர் யாருமில்லை. சரம் ஈரமாக இருந்தது, கடல் வாசம் அடித்தது. அடுத்த தூக்கத்தில் இரண்டு கையிலும் புதுக் கண்ணாடி வளையல்.

அண்ணன் கருமாதிக்கு நாள் பார்க்கக் கிளம்பியதைத் தடுத்துவிட்டு எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினாள்.

"அத்த, அவரு உயிரோடதான் இருக்காரு! ஜல்தி வாங்க, என் கைய வந்து பாருங்க!"

கெங்கம்மாள் கிடைத்த பஸ்ஸில் ஏறி வாயெல்லாம் சிரிப்பாக வந்து சேர்ந்தாள். மருமகள் கையை வாங்கிப் பார்த்தாள். தலையைப் பார்த்தாள். வளையலைத் தொட்டாள். சிரிப்பு நின்றுவிட்டது.

"மொதல்ல எது வந்திச்சு?"

"மருதாணி. அப்புறம் பூ. அப்புறம் வளையல்."

கெங்கம்மாள் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"உன் மாமனாரு செத்தப்ப எனக்கும் இப்பிடித்தாம்மா செஞ்சாங்க. மருதாணி வச்சாங்க, பூ வச்சாங்க, கை நெறைய வளையல் அடுக்குனாங்க. கடைசியா ஒருவாட்டி."

சூர்யகலா பார்க்காததா? கருமாதியன்று தாலி வாங்குமுன் பெண்ணைக் கல்யாணப் பெண்போலச் சிங்காரிப்பதைக் குப்பத்தில் எத்தனை வீட்டில் பார்த்திருக்கிறாள்! சந்தோஷம் கண்ணை மறைத்துவிட்டது. யாரும் செய்யாத கருமாதியை அந்த மனுஷன் தானே வந்து செய்துகொண்டிருக்கிறார். இனி மிச்சம் இருப்பது ஒன்றுதான்.

தாலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். தலையணையை எட்டி உதைத்து வாசலில் தள்ளினாள்.

"நான் தூங்க மாட்டேன் அத்த. இனிமே தூங்கவே மாட்டேன்."

ஆனால் அறைக்குள் மருதாணிப் பூ வாசம் குறையவேயில்லை. கண் சொருகியது. தொடையைக் கிள்ளிக்கொண்டாள், மறுபடியும் சொருகியது. பயத்தில் வாய்விட்டு அழுதாள்.

கெங்கம்மாள் எழுந்து போய்த் தலையணையை எடுத்துவந்து தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"எம்மா நாளா அலைஞ்சிக்கினு கெடக்கிறானோ எம்புள்ள. படும்மா. அவனும் தூங்கட்டும்."

சூர்யகலா படுத்தாள். தூக்கம் வந்த பிறகும் தாலியைப் பிடித்த கை விடவில்லை. கெங்கம்மாள்தான் அந்தச் சிவந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டாள்.