ஆளுக்குப் பத்து டிகிரி

சர்வேயர் வீட்டுப் பழைய கார் கிளம்புவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிடும். இதில் தெருக்காரர்களுக்கு ஆட்சேபணை எதுவும் இல்லை; வழியை அடைக்காமல் நிறுத்தினால் சரி என்று இருந்துவிட்டார்கள். பாடெல்லாம் சர்வேயரின் மனைவிக்குத்தான். அவரைத் தெருவே அண்ணி என்றுதான் கூப்பிடும். போனை எடுத்தால் "வந்து சேர்ந்துட்டோம்" என்பார் கணவர். நிமிர்ந்து பார்த்தால் அதே கணவர் பனியனோடு மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டிருப்பார். "கண்ணாடி ஃபிரிட்ஜ் மேல இருக்கு, அந்த மனுஷன்கிட்ட சொல்லு" என்று போனில் இருப்பவர் சொல்வார். பனியனில் இருப்பவர் போய் எடுத்துக்கொண்டு "எனக்குத் தெரியாதாக்கும்" என்பார். வீட்டில் இருப்பவர் கிளம்பி முடிக்கும்வரை அங்கே போனவர் திரும்ப முடியாது. அதனால் ஒரே ஆளை இரண்டு இடத்துக்காகவும் விரட்டும் வேலை அண்ணியின் தலையில் விழுந்தது.

காருக்கு இது பிறவிக் குணம் இல்லை. அப்பா இரண்டு மகன்களுக்கும் பொதுவாக விட்டுப்போன வண்டி அது. மூத்தவர் நிலம் அளக்கும் சர்வேயர். இளையவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர், கல்யாணத்தைத் தள்ளிப்போட்டே காலத்தை ஓட்டியவர். வாசல் கேட்டுக்கு நீலம் அடிப்பதா பச்சை அடிப்பதா என்று ஆரம்பித்த பேச்சு, பேச்சுவார்த்தையே இல்லாமல் போவதில் முடிந்தது. கேட்டில் ஒரு கதவு நீலம், மற்றது பச்சை. வீட்டுக்கு நடுவில் பிளைவுட் தடுப்பு. காரை மட்டும் அறுக்க முடியவில்லை. இன்ஜினுக்கு ஸ்பார்க்கைப் பிரித்துக் கொடுக்கும் பழைய டிஸ்ட்ரிபியூட்டர் தேய்ந்து வண்டி திணறியபோது, போனில் சொன்னால் கேட்டுக்கொள்ளும் புது டிஸ்ட்ரிபியூட்டர் ஒன்றை வாங்கிப் போட்டார்கள். அதோடு பாகப்பிரிவினையும் சுலபமாயிற்று. சாவியும் இன்ஜினும் அண்ணனுக்கு. போனும் அதிலிருக்கும் பூட்டு எண்ணும் தம்பிக்கு. தம்பி எண்ணை அழுத்தாமல் அண்ணன் சாவியை எத்தனை திருகினாலும் ஸ்பார்க் வராது. ஆகவே ஜென்மப் பகையாளிகள் இருவரும் எங்கே போனாலும் ஒன்றாகவே போனார்கள். "இடது பக்கம் திரும்பச் சொல்லுங்க அண்ணி" என்பார் தம்பி. "எனக்கு வழி தெரியும்னு சொல்லு" என்பார் அண்ணன். அண்ணி கூட வராத நாளில் இதையே வீட்டுக்குப் போன் போட்டுச் சொல்வார்கள்.

பிஸ்டன் உச்சிக்கு வருவதற்குக் கொஞ்சம் முந்தி ஸ்பார்க் வரவேண்டும், அந்த முந்துதல் பத்து டிகிரி என்று மெக்கானிக் சொல்லியிருந்தார். "இன்ஜின்ல வைங்க, இல்ல போன்ல வைங்க. எங்க வச்சாலும் ஒரு தடவைதான்." ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணன் பானெட்டைத் திறந்தார். இன்ஜின் சக்கரமான புல்லியில் இருந்த கோட்டைப் பத்து டிகிரி முன்னால் நிறுத்தி, டிஸ்ட்ரிபியூட்டரைக் கையால் மெல்லத் திருப்பி, அதிலிருந்த குட்டிப் பச்சை விளக்கு எரிந்த இடத்தில் நட்டை இறுக்கினார். கோணம் பார்த்தே சோறு தின்றவருக்கு அது தண்ணீர்பட்ட பாடு. சாயங்காலம் தம்பி கட்டிலில் படுத்தபடியே போன் திரையில் கோட்டை விரலால் இழுத்துப் பத்தில் வைத்தார். அவன் எங்கே வைக்கப்போகிறான் என்று அண்ணனும், அவருக்கு எங்கே தெரியப்போகிறது என்று தம்பியும் நினைத்துக்கொண்டார்கள். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும்; அந்த ஒரு வார்த்தைக்குத்தான் அந்த வீட்டில் பஞ்சம். மறுநாளிலிருந்து கார் முந்த ஆரம்பித்தது. மேடு ஏறும்போது டப்பாவில் கூழாங்கல்லைக் குலுக்குவதுபோல இன்ஜின் தட்டியது. அட்வான்ஸ், அதாவது முந்துதல், ஜாஸ்தி என்றார் மெக்கானிக். அண்ணி வழியாக விசாரணை நடந்தது. சரியாகப் பத்துதான் வைத்தேன் என்று இரண்டு பக்கமிருந்தும் பதில் வந்தது. எந்தப் பத்து என்று யாரும் கேட்கவில்லை. ஆகவே வருஷங்கள் அப்படியே ஓடின. பரீட்சைக்கு நேரமாகிவிட்டது என்று அழுத பக்கத்து வீட்டுப் பெண்ணை, அவள் அழத் தொடங்குமுன்பே கொண்டுபோய் விட்டார்கள்.

ஒருநாள் காலையில் தம்பி பிளைவுட்டில் அடித்த ஆணியின் முனை அண்ணன் பக்கம் எட்டிப் பார்த்தது. வழக்கம்போல் அண்ணி வழியாக வசவுகள் போய் வந்தன. இனி இந்த வண்டி நகராது என்று தம்பி பூட்டு எண்ணையே மாற்றினார். அப்போது அண்ணியின் போன் அடித்தது. தம்பியின் குரல், அழுகையோடு: "அண்ணி, அண்ணனை உள்ள கொண்டுபோயிட்டாங்க. நெஞ்சு வலி. சரியான நேரத்துக்கு வந்துட்டோம்னு டாக்டர் சொல்றாரு." அண்ணி திரும்பிப் பார்த்தார். அண்ணன் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். தடுப்புக்கு அப்பால் தம்பியின் சுத்தியல் சத்தம். போய்ச் சேர்ந்தவர்கள் கிளம்பாமலே இருந்துவிட்டால் என்ன ஆகும் என்று அதுவரை யாரும் பரீட்சை செய்து பார்த்ததில்லை. ஆஸ்பத்திரி என்றால் கணவர் நாற்காலியோடு ஒட்டிக்கொள்வார் என்பது அண்ணிக்குத் தெரியும். நேரே தம்பியிடம் போய்ப் போனை நீட்டினார்.

தம்பி தன் அழுகையைத் தானே கேட்டார். சுத்தியலைக் கீழே வைத்தார். பச்சைக் கதவு வழியாக வெளியே போய், நீலக் கதவு வழியாக உள்ளே வந்து, அண்ணன் எதிரில் நின்றார். "அண்ணா, எழுந்திருங்க. வண்டிய எடுக்கணும்." சர்வேயர், இது யாருக்குச் சொல்லி அனுப்பப்படும் சேதி என்று சுற்றிப் பார்த்தார். தனக்குத்தான் என்று புரிந்ததும் கண் கலங்கிப்போய், எங்கே, எதற்கு என்று ஒரு கேள்வி கேட்காமல், உரித்த ஆரஞ்சைக் கையில் பிடித்தபடியே எழுந்து போனார்.

ஆஸ்பத்திரியில் என்ன உடம்புக்கு என்று கேட்டார்கள். "இனிமேத்தான்" என்றார் தம்பி. இருவரும் பெஞ்சில் உட்கார்ந்து ஆரஞ்சைப் பங்கு போட்டார்கள். "நீ எவ்வளவுடா வச்ச?" என்றார் அண்ணன். "பத்து. நீங்க?" "நானும் பத்துதான்." அண்ணன் சிரிக்க ஆரம்பித்தார், சிரித்துக்கொண்டிருக்கும்போதே கை நெஞ்சுக்குப் போனது. டாக்டர் பக்கத்திலேயே நின்றிருந்தார்.

பிழைத்து வந்த அண்ணன், தம்பிக்காகத் தன் பத்தை விட்டுக்கொடுப்பது என்று நட்டைத் தளர்த்தி எடுத்துவிட்டார். அண்ணனுக்காகத் தம்பியும் போனில் தன் பத்தை அழித்துவிட்டார். விட்டுக்கொடுத்ததைச் சொல்லிக்காட்டுவது அழகில்லை என்று இருவருமே வாயைத் திறக்கவில்லை. இப்போது கார் பிந்துகிறது. தெருமுனைக் கடைக்குப் போய்வர ஒரு மத்தியானம் ஆகிறது. விஷயம் தெரிந்த பிறகும் யாரும் அதைத் திருத்த நினைக்கவில்லை. முன்சீட்டில் இருவருக்கும் பேசத் தீரவில்லை. பின்சீட்டில் இருக்கும் அண்ணியிடம் இதைச் சொல்லு, அதைச் சொல்லு என்று கேட்க ஆளில்லை. அந்த வேலை போனதில் அவருக்கு முதலில் முகம் சுண்டத்தான் செய்தது. பிறகு அங்கேயே தூங்கப் பழகிக்கொண்டார். ஒருநாள் கண்விழித்து, "வந்தாச்சா?" என்றார்.

"இல்ல அண்ணி, இப்பத்தானே பேச ஆரம்பிச்சிருக்கோம்" என்றார் தம்பி.

அண்ணி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு மறுபடியும் தூங்கிப்போனார்.