சுண்டுவிரல் எட்டாத சுரம்

பதிவு நடக்கும் நாட்களில் எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜுக்கு விடுமுறை. அதன் முனகல் மைக்கில் ஏறிவிடும் என்று என் மச்சினன் முதலில் அதைத்தான் அணைப்பான். பிறகு மின்விசிறி, பிறகு தண்ணீர் மோட்டார். கடைசியாக நிறுத்த வேண்டியது என் மனைவியின் வாய். முதல் மூன்றுக்கும் சுவிட்ச் இருக்கிறது. "என் வீட்ல நான் பாத்திரம் கழுவக் கூடாதா?" என்று அவள் கேட்கும் நேரம் பார்த்துத்தான் என் கைக்கு நல்ல டேக் ஒன்று வாய்த்திருக்கும். எல்லாம் முடிந்ததும் ஃப்ரிட்ஜைத் திரும்பப் போட மறந்துவிடுவோம். பால் திரிந்துபோகும். பழி என் தலையில் விழும்.

ஸ்டுடியோ என்று மச்சினன் பெருமையாகச் சொல்வது எங்கள் பின்பக்க அறையை. உடைந்த நாற்காலியும் பழைய சூட்கேஸும் கிடந்த இடம். ஜன்னலுக்கு மெத்தையை முட்டுக் கொடுத்து, துணி அலமாரியின் கதவுகளை விரியத் திறந்து வைத்தான். துணி எதிரொலியைத் தின்றுவிடுமாம். மேசைக்கடியில் கிட்டார் ஸ்பீக்கர், அதன் முகத்துக்கு நேரே மைக், இரண்டையும் மூடி ஒரு கனத்த போர்வை. மேசைமேல் கம்ப்யூட்டர். நடுவில் பனியனோடு நான், வேர்த்து விறுவிறுத்துக்கொண்டு.

மச்சினனை வீட்டில் டப்பா என்போம். சின்ன வயதில் அகப்பட்ட ரேடியோவையெல்லாம் பிரித்துப்போட்டு வெறும் டப்பாவாக்கியவன். இப்போது ஒரு கம்பெனியில் நாளெல்லாம் ஹெட்போன் மாட்டி வாடிக்கையாளர்களின் வசவைக் கேட்கிறான். சாயங்காலம் என் வீட்டுக்கு வந்து இன்னொரு ஹெட்போன் மாட்டி என் கிட்டாரைக் கேட்பான். "இதுக்கு அதுவே தேவலயாடா?" என்று நான் கேட்டால் சிரிப்பான். என் மேல் அவனுக்கு அப்படி ஒரு பிரியம்.

அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் மடிப்பு இயந்திரம் என் இடது கையின் கடைசி இரண்டு விரல்களைப் பிடித்து மூன்று வருடம் ஆகிறது. விரல்கள் போகவில்லை. வாடகை தராத குடித்தனக்காரர்களைப் போல அங்கேயே இருக்கின்றன, சொன்ன பேச்சைக் கேட்பதில்லை, அவ்வளவுதான். போகப் போக இன்னும் இறுகும் என்று டாக்டர் சொன்னார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இருபது வயதிலிருந்து நான் உண்டாக்கிய எட்டுப் பாட்டு என் தலைக்குள்ளும் அந்தக் கைக்குள்ளும் மட்டுமே இருந்தன. பாட்டு என்றாலும் வார்த்தை கிடையாது, கிட்டார்தான் எல்லாம். மனைவி அவற்றை வாயில்லாப் பூச்சிகள் என்பாள். கை முழுதாக அடங்குவதற்குள் அந்த எட்டையும் பதிந்துவிட வேண்டும், அதில் வாசிப்பது நானாக இருக்க வேண்டும். வேறு எந்த ஆசையும் எனக்கு மிச்சமில்லை.

வேலை நடக்கும் விதம் எனக்குத் தெரியாமல் இல்லை. ஒரே வரியை நான் திரும்பத் திரும்ப வாசிப்பேன். ஒன்றில் தொடக்கம் உருப்படியாக இருக்கும், இன்னொன்றில் முடிவு. டப்பா நல்ல துண்டுகளைப் பொறுக்கி, வெட்டி, ஒட்டு தெரியாமல் ஒட்டுவான். பிறகு பேஸ் கிட்டாரை அவனே வாசித்துச் சேர்ப்பான், டிரம்ஸை கம்ப்யூட்டரில் தட்டுவான், ஒவ்வொன்றையும் ஏற்றி இறக்கிக் கலப்பான். "கிழிசல்ல தச்ச சட்டைடா இது" என்று நான் முணுமுணுப்பேன். "தச்சாலும் துணி உங்களோடதுதானே மாமா" என்பான். அந்தப் பதில் எனக்குப் போதுமானதாக இருந்தது.

ஏழு பாட்டு இப்படி ஒப்பேறியது. எட்டாவதில்தான் மாட்டிக்கொண்டேன். அதன் நடுவில் கிட்டார் தனியாக மேலே ஏறும். ஏறி ஏறிப் போய், சுண்டுவிரலை நீட்டி உச்சியில் ஒரு சுரத்தைப் பிடித்து, அதை அங்கேயே நிறுத்தி அதிர வைக்க வேண்டும். கல்யாணமான புதிதில் நான் அதை வாசித்தால் சமையலறையில் சத்தம் நிற்கும். இப்போது அந்த விரல் நீளாது. அதனால் யாரிடமும் சொல்லாமல் அதை மாற்றிவிட்டேன். உச்சிக்கு ஒரு படி கீழேயே நின்று, அதுதான் வழி என்பது போலத் திரும்பி இறங்கிவிடுவேன். டப்பாவிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. அந்த இறக்கத்தையும் ஒழுங்காக வாசிக்க முடியவில்லை என்பது வேறு விஷயம். நாலு சாயங்காலம் முக்கினேன். கம்பி கிறீச்சிடும், அல்லது விரல் பக்கத்துக் கம்பியை அமுக்கிவிடும். நாலாவது நாள் கிட்டாரைச் சுவரில் அடித்துவிடலாமா என்று பார்த்தேன்.

"போதும் மாமா, வேணுங்கறது வந்துருச்சு. மிச்சத்த நான் பாத்துக்கறேன்" என்றான் டப்பா.

சில வாரம் கழித்து முடித்த பாட்டோடு வந்தான். மூவரும் பின்னறையில் உட்கார்ந்து கேட்டோம். அந்த இடம் வந்தது, போனது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இத்தனை கூளத்திலிருந்தா இதைப் பொறுக்கினான் என்று பிரமித்துப்போனேன். என் கை இன்னும் சாகவில்லை என்று நினைத்தேன். அந்த நினைப்பு எவ்வளவு பெரிய சந்தோஷம் என்று எனக்கு இப்போது சொல்லத் தெரியவில்லை.

அந்த வாரம் நான் வேறு ஆளாக இருந்தேன். மாதக்கணக்கில் ஒழுகிய குழாயைச் சரிசெய்தேன். மனைவியிடம் எரிந்து விழவில்லை. "உடம்புக்கு ஏதாவது பண்ணுதா?" என்று அவளே சந்தேகப்பட்டாள். தொழிற்சாலையில் கண்டவன் காதிலெல்லாம் போனை வைத்து அந்தப் பாட்டைப் போட்டுக் காட்டினேன். எங்கள் சூப்பர்வைசர் ஓய்வு பெறப் போகிறார். பிரிவு உபசார விழாவில் இதை வாசிக்க முடியுமா என்று கேட்டார். என் கையை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் கேட்டார். "வாசிச்சிட்டாப் போச்சு" என்றேன். இவ்வளவு தெம்பாக நான் பேசி ரொம்ப நாளாகியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை பின்னறையில் ஹெட்போன் மாட்டி, பதிவைப் போட்டு, கூடவே வாசித்துப் பழக உட்கார்ந்தேன். முதல் பகுதி தடுமாறித் தடுமாறிப் போயிற்று. நடுவில் கிட்டார் ஏறத் தொடங்கியது. பதிவும் ஏறியது, நானும் ஏறினேன். வழக்கமான இடத்தில் என் கை திரும்பியது. பாட்டு திரும்பவில்லை. அது என்னை அங்கேயே விட்டுவிட்டு உச்சிக்குப் போய், அந்தச் சுரத்தைப் பிடித்து, அதிர அதிர நிறுத்தியது.

இன்னொரு முறை போட்டேன். சந்தேகமே இல்லை. ஒரு வாரமாக எப்படிக் கோட்டைவிட்டேன் என்று யோசித்தேன். என் தலைக்குள் அந்தப் பாட்டு எப்போதும் உச்சிக்குப் போய்த்தான் வரும். காதில் விழுந்ததும் தலைக்குள் இருந்ததும் ஒன்றாக இருந்ததால் எதுவும் உறுத்தவில்லை. ஆனால் நாலு சாயங்காலத்தில் ஒரு தடவைகூட அந்தச் சுரத்தை நான் தொடவில்லை. வாசித்ததை வெட்டி ஒட்டலாம். வாசிக்காததை எங்கிருந்து வெட்டுவது?

மத்தியானம் டப்பா வந்தான். கதவைச் சாத்தினேன்.

"எட்டாவது பாட்டத் திற. நடுவுல கிட்டார மட்டும் தனியாப் போடு."

"தனியாக் கேட்டா சகிக்காது மாமா. எல்லாம் ஒட்டுப்போட்டது."

"நான் வாசிக்காத சுரத்த எந்தக் கடையில வாங்கி ஒட்டின?"

அவன் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டான். "நீங்க எப்பவும் அப்படித்தானே மாமா வாசிப்பீங்க" என்றான். "நீங்க கம்பிய ஆட்டுற மாதிரியே ஆட்டணும்னு ரெண்டு வாரம் பழகினேன். நீங்க அந்த எடத்த மாத்தினது எனக்குத் தெரியாது. வராம விட்டுட்டீங்கன்னு நெனச்சேன்."

எனக்கு வந்த கோபத்தில் அவனை அடித்திருப்பேன். என்னைப் போலவே வாசிக்க ரெண்டு வாரம் பழகியவனை எங்கே அடிப்பது? அதற்குள் கதவு திறந்தது. மனைவி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

"அவனத் திட்டாதீங்க. நான்தான் செய்யச் சொன்னேன்."

"உனக்கு எதுக்கு இந்த வேண்டாத வேலை?"

"நாலு நாளும் இந்த ரூம்லேர்ந்து நீங்க வெளிய வந்த மூஞ்சிய நான்தான் பாத்தேன், நீங்க பாக்கல. ஒரு வாரமாவது நீங்க நல்லா இருக்கணும்னு தோணுச்சு. இருந்தீங்களா, இல்லியா?"

"இருந்தேன்" என்றேன். பொய் சொல்ல முடியவில்லை.

என் டேக்குகளைப் போடச் சொன்னேன். டப்பா தயங்கினான். "போடுடா" என்றதும் போட்டான். மூவரும் கேட்டோம். கிறீச், ஒரு தடுக்கல், ஒரு மௌனம், மறுபடி கிறீச். நடுவில் "சே" என்று என் குரல். அடுத்தது, அதற்கடுத்தது. வாசிக்கும்போது இவ்வளவு மோசமாக எனக்குக் கேட்டதில்லை. வாசிக்கிறவனுக்குத் தான் நினைத்ததுதான் கேட்கும் போலிருக்கிறது. மனைவி அலமாரியில் தொங்கும் துணிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நிறுத்து" என்றேன். "உன்னோடதே இருக்கட்டும். உன் பேரப் போட்டுக்கோ."

"பேரெல்லாம் வேண்டாம் மாமா."

"சூப்பர்வைசர்கிட்ட கை வலின்னு சொல்லிடுங்க" என்றாள் மனைவி. "உங்க கையப் பாத்தவங்க நம்பாம இருக்க மாட்டாங்க."

அப்போதுதான் அது எனக்கு உறைத்தது. இதைச் செய்யத் தெரிந்தவன் இதற்கு மட்டுமா செய்திருப்பான்?

"மத்த ஏழு பாட்டு?" என்றேன்.

டப்பா அக்காவைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்தாள்.

"அங்கங்க மட்டும்தான் மாமா" என்றான்.

"அங்கங்கன்னா?"

"நெறைய எடத்துல."

மெட்டு என்னுடையது. அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் அதைச் சொல்லி மனதைத் தேற்றிக்கொள்ள என்னால் முடியவில்லை.

"என் கை எங்கயாவது இருக்கா? அதக் காட்டு."

அவன் ஒவ்வொரு பாட்டாகத் திறந்து மூடினான். திரையில் பச்சையும் நீலமுமாகப் பட்டைகள் ஓடின. எதிலாவது நிற்பான், ஒரு நொடி யோசிப்பான், தலையை ஆட்டிவிட்டு அடுத்ததற்குப் போவான். நான் பொறுமையாக இருந்தேன், என் சுபாவத்தில் இல்லாத பொறுமை. கடைசியில் முதல் பாட்டின் தொடக்கத்துக்கு வந்து நின்றான்.

"பாட்டு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி, சுருதி சேந்திருக்கான்னு கம்பிய ஒருதரம் மீட்டிப் பாத்தீங்க மாமா. கேக்க நல்லாருந்துச்சு, அப்படியே விட்டுட்டேன். இது உங்களோடது."

"போடு."

ஆறு கம்பியும் மேலிருந்து கீழாக ஒரே ஒரு இழுப்பு. இடது கை கிட்டாரின் கழுத்தைத் தொடவேயில்லை. வலது கை மட்டும் வெறும் கம்பியில் ஒருமுறை இறங்கியிருந்தது. சுருதி சுத்தமாகச் சேர்ந்திருந்தது. எனக்கு அழுகை வந்தது. மறைக்கத் தோன்றவில்லை.

"இன்னொரு தரம் போடு" என்றேன். அவன் போட்டான்.