இஸ்திரியின் சட்டைகள்

தொழிற்சாலையில் தையல் வரிசைப் பெண்கள் அவனுக்கு வைத்த பெயர் இஸ்திரி. கசங்காத முழுக்கைச் சட்டை, மடிப்புக் கலையாத கால்சட்டை, பையில் மூடி கழற்றாத பேனா. ஒருத்தி தைத்த துண்டை எடுத்து விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பான். "இது தையலா, எறும்பு ஊர்ந்த தடமா?" என்று கேட்டு அவள் மடியிலேயே வீசுவான். ஊசியில் நூல் கோக்கத் தெரியாதவனுக்கு மேற்பார்வையாளர் பதவி. அந்த வரிசையில் இருந்த ஒருத்தி அந்தச் சட்டைகளைப் பார்த்து மயங்கி அவனையே கல்யாணமும் செய்துகொண்டாள். அதை நினைத்தால் அவளுக்கு இன்றைக்கும் முதலில் தன்மேல்தான் எரிச்சல் வரும்; அவன்மேல் வருவது அதற்கு அப்புறம்.

தொழிற்சாலையை மூடி இரண்டு வருஷம் ஆயிற்று. மற்றவர்கள் ஆளுக்கொரு இடம் தேடிக்கொண்டு போய்விட்டார்கள். அவளும் ஒரு திரைச்சீலைக் கடையில் ஓரம் மடித்துத் தைக்கப் போனாள். இஸ்திரி மட்டும் தன் தகுதிக்கு ஏற்ற அழைப்புக்காகக் காத்திருந்தான். தினமும் காலையில் முகம் மழித்து, சட்டை தேய்த்துப் போட்டு, ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்து செய்தித்தாள் படிப்பான். வீட்டில் அவன் செய்த ஒரே வேலை தன் சட்டையைத் தேய்ப்பது. அதில் குறை சொல்ல முடியாது, கச்சிதமாகத் தேய்ப்பான்.

அந்தக் கோடையில் வெயில் மாடியைப் பிளந்தது. மொட்டைமாடிக்கு நேர் கீழே இரண்டு அறை, பள்ளிக்கூடமும் விடுமுறை. இரண்டு பெண் பிள்ளைகளுக்கும் கழுத்திலும் முதுகிலும் வேர்க்குரு. போன வருஷத்து கவுன்கள் அக்குளில் பிடித்தன. போதாததற்கு எல்லாம் நைலான். அவளுக்கு வேண்டியது நைந்த பருத்தித் துணி. அது வீட்டிலேயே அடுக்கடுக்காக இருந்தது.

"ஏங்க, காலர் நைஞ்சுபோன சட்டை நாலு குடுங்களேன். புள்ளைங்களுக்குத் தைச்சுடறேன்."

"ஆபீஸ் சட்டையையா? நாளைக்கே ஒருத்தன் கூப்பிட்டா எதைப் போட்டுட்டுப் போவேன்?"

"வராத நாளைக்குப் பதினாறு சட்டையா?"

அவன் செய்தித்தாளைத் தூக்கி முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டான். அதற்குமேல் அவள் கேட்கவில்லை. அவன் கடைத்தெருவுக்குப் போயிருந்தபோது அலமாரி அடுக்கின் அடியிலிருந்து நான்கை உருவினாள்.

பல வருஷம் துவைத்துத் துவைத்து அந்தத் துணி கைக்குட்டைபோல் மெத்தென்றிருந்தது. காலரையும் தோள்பட்டையையும் பிரித்து எடுத்தாள். சட்டையின் முதுகு கவுனுக்கு முன்பக்கம் ஆனது. பொத்தான் பட்டி அப்படியே முதுகுக்குப் போனது, புதிதாகக் காஜா எடுக்கும் வேலை மிச்சம். சட்டைக் கைகளைக் குறுக்கு வாட்டத்தில் நாடாவாக வெட்டிக் கழுத்தையும் கைத்துளையையும் சுற்றித் தைத்தாள். கீழ் ஓரம் ஏற்கெனவே மடித்துத் தைத்தது, தொடவே வேண்டியதில்லை. சின்னவள் கூழாங்கல் போட்டுக்கொள்ளப் பை கேட்டாள். சட்டைப் பையையே இடுப்புக்கு இறக்கித் தைத்தாள். நான்கே நாளில் நான்கு கவுன்.

ஒரு வாரம் இஸ்திரிக்கு எதுவும் தெரியவில்லை. அவனுடைய நீலக்கோடு போட்ட சட்டை அவன் கண்ணெதிரிலேயே வீட்டைச் சுற்றி ஓடியது. "சத்தம் போடாதீங்க" என்றான், அவ்வளவுதான். பிள்ளைகள் என்ன உடுத்தியிருக்கிறார்கள் என்று பார்க்கிற வழக்கம் இருந்தால்தானே!

ஞாயிற்றுக்கிழமை காலையில், தொழிற்சாலையில் துணி வெட்டிக்கொண்டிருந்த பழைய கட்டிங் மாஸ்டர் வந்தார். இஸ்திரிக்குத் தலைகால் புரியவில்லை. "டீ கொண்டா!" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி குரல் கொடுத்தான். தன் பேச்சைக் கேட்டிருந்தால் தொழிற்சாலை மூடியிருக்காது என்று அரை மணி நேரம் வாய் ஓயாமல் விளக்கினான். மாஸ்டர் தலையாட்டிக்கொண்டே, பக்கத்தில் வந்து நின்ற சின்னவளை இழுத்து, கவுனின் ஓரத்தைத் திருப்பி உள்பக்கத் தையலைப் பார்த்தார்.

"இது யார் தைச்சது?"

அப்போதுதான் இஸ்திரி அந்தக் கவுனைப் பார்த்தான். முகம் சுண்டியது. வந்தவர் முன்னால் கத்த முடியாது. பிறகு நாற்காலியில் சாய்ந்தான்.

"நான்தான் சொல்லிக் குடுத்தேன் மாஸ்டர். துணி வீணாகாம எப்படி வெட்டணும்னு. கை அவளோடது, மூளை நம்மளது."

"பொய்!" என்றாள் பெரியவள். "அப்பாவுக்குத் தெரிஞ்சா கத்துவாரு, சொல்லாதீங்கன்னு அம்மா சொன்னாங்க."

மாஸ்டர் டீயைப் பார்த்துக்கொண்டே சிரித்தார். "நீங்க ஊசியில நூல் கோத்து நான் பார்த்ததே இல்லையே சார்." பிறகு அவள் பக்கம் திரும்பினார். "குழந்தைங்க துணிக்குன்னு பத்து மெஷின் போட்டிருக்கேன் தங்கச்சி. மாதிரி தைக்கவும் பொண்ணுங்களுக்குச் சொல்லிக் குடுக்கவும் ஆள் வேணும். சாரைக் கேட்டா நம்ம வரிசையில இருந்த யாரையாவது சொல்லுவாருன்னு வந்தேன். நீயே வாயேன்."

இஸ்திரி தொண்டையைச் செருமினான். "மேற்பார்வைக்கு ஆள் பார்த்தாச்சா?"

"பத்து மெஷினுக்கு எதுக்கு சார் மேற்பார்வை? தங்கச்சியே பார்த்துக்கும்."

நாளைக்கே வருவதாக அவள் சொன்னாள். மாஸ்டர் படியிறங்கிய சத்தம் அடங்கும்வரை பொறுத்திருந்து இஸ்திரி வெடித்தான்.

"யாரைக் கேட்டு என் சட்டையை வெட்டின?"

"உங்களைத்தான் கேட்டேன்."

"நாளைக்கு என்னை யாராவது கூப்பிட்டா?"

"இப்ப ஒருத்தர் வந்தாரே, கூப்பிட்டாரா?"

அவன் தன் சட்டைக் கையின் மடிப்பை நீவிவிட்டான். ஒரு கணம் அவளுக்குப் பாவமாகக்கூட இருந்தது. அவன் பேசாமல் இருந்திருந்தால் அந்த இரக்கம் நீடித்திருக்கும்.

"அவன் என் கீழ வேலை பார்த்தவன். அவன்கிட்டப் போய் நீ கைகட்டி நின்னா என் மரியாதை என்ன ஆகும்?"

எந்த மரியாதை என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. வேர்க்குரு ஆறிய பிள்ளைகளின் முதுகைத் துடைத்துவிட வேண்டியிருந்தது, அதற்குப் போனாள்.

மறுநாள் காலை அவள் செருப்பு மாட்டும்போது அவன் தேய்த்த சட்டையோடு வாசலில் நின்றான். முதல் நாளே முதலாளியோடு எப்படிப் பேச வேண்டும், எதற்கெல்லாம் தலையாட்டக் கூடாது என்று தொடங்கினான்.

"சின்னவளுக்குத் தலை வாரணும். மத்தியானம் கொடியில காயற துணியை மடிச்சு வைங்க" என்றாள் அவள்.

அவன் தன் அறிவுரையில் இரண்டாவது விஷயத்துக்கு வருவதற்குள் அவள் பாதிப் படி இறங்கியிருந்தாள்.